மெய்யியல் படித்த கிருஷ்ணராஜின் பிழைப்பு

லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப் பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், வரிசையாக எட்டுக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஐந்தாவது காம்பராவில் குடியிருக்கும் கிருஷ்ணராஜ் ஒரு மெய்யியலாளன். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடலாம். அவனுடைய சொந்தக்காரர்கள் பதினெட்டு வருசமாகச் சிரிக்கிறார்கள். இன்னும் அவர்களுக்கு அலுத்தபாடில்லை.

நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் மெய்யியலைச் சிறப்புப் பாடமாகப் படித்து நல்ல வகுப்பில் தேறியவன் அவன். தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், பட்டம் வாங்கி வந்த நாளில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயம் வரைக்கும் தப்படித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்து மாலை வாடுவதற்குள் மேட்டு லயத்து ஆள் ஒருவர் வந்து, மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பொருத்தம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தான் படித்தது சோதிடம் இல்லை என்று கிருஷ்ணராஜ் விளக்கினான். அப்படியானால் என்னதான் படித்தாய் என்றார் அவர். ஒரு விஷயம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரியவருகிறது, அதைப் படித்தேன் என்றான். 

"அதுக்கு நாலு வருசமா தம்பி?" என்றார். கிண்டல் இல்லை. மனசார இரங்கித்தான் கேட்டார்.

அரசாங்கம் பட்டதாரிகளை ஆசிரியர் நியமனத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவனும் விண்ணப்பம் போட்டான். கணிதம் படித்தவர்களுக்கு இடம் இருந்தது. ஆங்கிலத்துக்கு இருந்தது, புவியியலுக்கு இருந்தது, நாடகத்துக்குக்கூட இருந்தது. மெய்யியல்காரனுக்குப் பாடசாலையில் இருப்பது ஒரேயொரு இடுக்குத்தான். உயர்தர வகுப்பின் கலைப்பிரிவில் அளவையியல் என்றொரு பாடம். எந்த வாதம் நிற்கும், எந்த வாதம் நிற்காது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பாடம் நடக்கிற தமிழ்ப் பாடசாலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அங்கேயெல்லாம் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. வருத்தப்படுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அவனுக்கே ஆச்சரியம். அப்படியே வயதெல்லையும் கடந்துபோனது.

பதுளை பஸ் நிலையத்து ஆட்டோக்காரர்கள்தான் அவனுடைய படிப்புக்கு முதலில் மரியாதை செய்தவர்கள். "சேர், பின் கண்ணாடிக்கு ஒரு தத்துவம் தாங்களேன்" என்று கெஞ்சினார்கள். இரண்டு மாதம் தட்டிக்கழித்துப் பார்த்தான். மூன்றாம் மாதம் ஒருவனுக்கு, 'உனக்குத் தெரியும் என்பது உனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதிக் கொடுத்தான். சிவப்பு எழுத்தில் அது பதுளை வீதியெல்லாம் நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, என்ன எழுதியிருக்கிறது என்று அர்த்தம் கேட்டிருக்கிறார். ஆட்டோக்காரன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லப்போய், 'உனக்கு என்ன தெரியும்' என்று ஆகிவிட்டது. அன்று பின்னேரமே அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 'அம்மாவின் ஆசி' என்று ஒட்டிக்கொண்டான். கிருஷ்ணராஜின் ஆக்கங்களில் வெளியுலகம் பார்த்தது அது ஒன்றுதான்.

மீதி வாழ்க்கை டியூஷனில் ஓடியது. பதுளையில் ஹஸீப் நடத்துகிற தனியார் கல்வி நிலையத்தில் சனி, ஞாயிறு அளவையியல் வகுப்பு. நல்ல காலத்தில் அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். கிருஷ்ணராஜ் பாடம் நடத்துவதைக் கேட்க வேண்டும். "மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது. சரியா?" என்பான். "சரி சேர்!" என்று வகுப்பே கத்தும். "யாராவது வாளித் தண்ணியை ஊத்தியிருந்தா?" என்பான். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவே வாரா வாரம் இரண்டு பஸ் மாறிப் போனான். ஒவ்வொரு பாடம் முடிவிலும், "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்பது அவன் வழக்கம். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவான்.

அவன் மனைவி சுபாஜினி கொழுந்து பறிக்கிறவள். அவளும் உயர்தரம் வரைக்கும் படித்தவள்தான். தகப்பன் படுத்த படுக்கையானதும் புத்தகத்தை மூடிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்றால், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி யார் எந்த மலையில் பறிப்பது என்று பிரித்துவிடும் இடம். பட்டதாரி மாப்பிள்ளை என்று மயங்கித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் நினைத்தது. அவள் சொன்ன காரணம் வேறு. "இந்த மனுசன் குடிக்க மாட்டாரு, கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லுவாரு. வேற என்னா வேணும்?" என்பாள். கட்டின புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒரே மகள் மதுஷாவுக்கு ஆறு வயதாகும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

போன பெருமழையில் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. ஐந்தாவது காம்பராவின் பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு விழுந்தது, கைவிரல் நுழையும். உத்தியோகத்தர்கள் வந்து படம் எடுத்தார்கள், சுவரில் நம்பர் எழுதினார்கள், மழை நாட்களில் இங்கே படுக்க வேண்டாம், பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினோரு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய் வந்தார்கள். பன்னிரண்டாவது தடவை திரும்பி வந்தபோது, தான் குவைத்துக்குப் போகப் போவதாகச் சுபாஜினி சொன்னாள். வீட்டு வேலை. இரண்டு வருடம். டவுனில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையைப் பத்திரமாக வைக்க வேறு வழி தெரியவில்லை.

"இந்தச் சுவரு விழுமா விழாதான்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சது போதுங்க" என்றாள்.

கிருஷ்ணராஜ் மன்றாடினான். வாதம் எதுவும் செய்யவில்லை. அவள் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று வெட்கத்தை விட்டுச் சொன்னான். அவளுக்கும் போக ஆசையா என்ன? ராத்திரி மதுஷா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மாதா மாதம் தவறாமல் சம்பளம் வருகிற ஒரு வேலை அவனுக்குக் கிடைத்தால் அவள் போக மாட்டாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, மெடிக்கல் எடுத்தாகிவிட்டது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பதுளை முகவர் நிலையத்தில் இருக்கும் றிப்தாவிடம் அவனுக்காக இரண்டு மாதம் தவணை வாங்கினாள். "உங்க இடத்த நான் புடிச்சி வெச்சிக்கிறேன், ஆனா அதுக்கு மேல முடியாது" என்று றிப்தா சொல்லியிருந்தாள்.

தவணை வாங்கிய அதே வாரத்தில் ஹஸீப் அவனை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அளவையியல் வகுப்பில் அப்போது மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒன்று, இன்னொன்றைப் பார்க்க வருவது.

"மாஸ்டர், நான் என்னா செய்ய, நீங்களே சொல்லுங்க" என்றார் ஹஸீப். "கொரியன் பாஷை வகுப்புக்கு நூத்திப் பத்துப் பேரு வெளிய நிக்கிறாங்க. வைக்க எடமில்ல. உங்க ஹோலைத்தான் கேக்கிறாங்க."

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கொரியா போனால் சம்பளம் வரும். அளவையியல் படித்தால் கொரியா போவது சரியா என்று யோசிக்க மட்டும் வரும். கிருஷ்ணராஜ் தன் வெண்கட்டிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்து ஹஸீபுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. வெளியே இறங்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனிடம் கூட்டிக்கொண்டு போனார். தோட்டக் கம்பனி ஒன்றின் பயிற்சிப் பிரிவு அதிகாரி, துஷாந்த். கொழும்பிலிருந்து வந்தவன். கூட்டம் நடத்த மண்டபம் பார்க்க வந்திருந்தான்.

"தம்பி, நீங்க தோட்டத்து ஆளுங்களுக்குப் பேச ஒருத்தர் தேடுறதாச் சொன்னீங்களே. இவரு தத்துவத்திலேயே பட்டம் எடுத்தவரு" என்றார் ஹஸீப்.

துஷாந்த் எழுந்து நின்றுவிட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை, அதைச் சொல்லியாக வேண்டும். விஷயத்தை மறைக்காமல் சொன்னான். நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை இரண்டு கிலோ கூட்டப் போகிறார்கள். ஆட்கள் மனம் கோணாமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகக் கம்பனி 'மனப்பாங்கு விருத்தி' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய்க் காலைப் பெரட்டில் இருபது நிமிடம் பேச வேண்டும். ஒன்பது தோட்டம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஒன்பதாவது தோட்டத்தில் வைத்தே நியமனக் கடிதம். பயிற்சி ஆலோசகர் என்று நிரந்தர வேலை, மாதச் சம்பளம்.

"அவங்க மொழியிலேயே பேசணும் சேர். நாங்க பேசினா சிரிக்கிறாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுபாஜினி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த அகப்பையோடு எழுந்து வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த இரண்டு கிலோ அவளும்தான் பறிக்க வேண்டும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கடிதம் கையில வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பது தோட்டம் முடிஞ்சா வரும்."

"அப்பப் போய்ப் பேசுங்க. நல்லாப் பேசுங்க" என்றாள். அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

கம்பனி சட்டை ஒன்று கொடுத்தார்கள், நெஞ்சில் இலை அடையாளம் போட்டது. விடியுமுன் கம்பனியின் வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்புத்தளைப் பக்கம் போனால் முன்வரிசை முகமே பனியில் தெரியாது. தெரியாத முகங்களிடம் பேசுவது அவனுக்குச் சுலபமாகவும் இருந்தது. பூனாகலைப் பக்கத்தில் ஒரு பிரிவில் பேச்சு முடிந்ததும் ஒரு பெண் அழுதேவிட்டாள். துஷாந்துக்கு ஒரே சந்தோஷம்.

என்ன பேசினான்? கை பழகினால் வேலை பாரமாகத் தெரியாது என்றான். கவனத்தைச் சிதறவிடாதவர்கள் அதே நேரத்தில் கூடச் செய்கிறார்கள் என்றான். நேற்று முடியாமல் போனது இன்றைக்கும் முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றான். இதில் எந்த வாக்கியம் பொய்? வானில் திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக எடுத்து மனதுக்குள் உரசிப் பார்ப்பான், ஒன்றும் பொய்யில்லை. செங்கல் எல்லாம் நல்ல செங்கல்தான். கட்டிய சுவர்தான் கோணல் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பேச்சின் முடிவில் துஷாந்த் உடனே கைதட்டிவிடுவான், ஆட்கள் கலைந்துவிடுவார்கள். சுவரை யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. எட்டுத் தோட்டம் இப்படியே போயிற்று.

ஒன்பதாவது, அவனுடைய தோட்டம்.

பட்டியலில் அப்படித்தான் வந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பெரட்டுக் களத்தில் காலை ஆறரைக்கு நூறு பெண்கள் நின்றார்கள். நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் துண்டு போட்டு, முதுகில் வெறும் கூடை. இவனைத் தூக்கி வளர்த்தவர்கள், இவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள், இவனுக்கு மாலை போட்டவர்கள். மூன்றாவது வரிசையில் சுபாஜினி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிருஷ்ணராஜின் பக்கத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு. துஷாந்தின் கக்கத்தில் நீலக் கோப்பு. கடிதம் அதற்குள் இருந்தது. வானில் வரும்போதே காட்டியிருந்தான். பெயர்கூடப் பிழையில்லாமல் அடித்திருந்தது.

கிருஷ்ணராஜ் நன்றாகவே பேசினான். எட்டுத் தோட்டத்தில் பேசியதைவிட நன்றாகப் பேசினான். ஆனால் எதிரே இருந்தவர்கள் தெரிந்த முகங்கள். தெரிந்த முகங்கள் வரிசையாக அவனைப் பார்ப்பது இத்தனை வருசமாக ஒரே இடத்தில்தான், வகுப்பில். பேசி முடித்த அந்த நொடியில், துஷாந்த் கையைத் தூக்குவதற்குள், வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"கேள்வி ஏதும் இருக்கா?"

பெரட்டுக் களத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அந்தக் களம் உண்டான நாளிலிருந்து அங்கே மேலே இருந்து சொல்வார்கள், கீழே இருந்து "சரிங்க" என்பார்கள். நூறு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை காலைப் படியிலிருந்து இறக்கினார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் முன்வரிசையில் கருப்பம்மா நின்றாள். நாலாவது காம்பரா. பறிக்கிறவர்களில் மூத்தவள், இன்னும் இரண்டு வருடத்தில் பென்ஷன். கேட்கச் சொன்னால் கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிற வெள்ளை மனசு.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "மழ பேஞ்சா கொழுந்து ஈரமா இருக்கு. நிறுக்கையில ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. சரி, அத விடு. போன மாசம் பூராச் சொட்டு மழ இல்ல, செடியே கருகிக் கெடந்திச்சு. அப்பவும் ஈரத்துக்குன்னுதான் ரெண்டு கிலோ கழிச்சாங்க. இப்ப ரெண்டு கிலோ கூடப் பறிங்கன்னு நீ சொல்ற. அந்தக் கழிக்கிற ரெண்டு கிலோவக் கழிக்காம விட்டா எல்லாஞ் சரியாப் போயிருமில்ல? அப்ப மனப்பாங்க மாத்த வேண்டியது எங்களுக்கா, தராசுக்கா?"

"நேரமாகுது, முடிச்சிடுவோம் சேர்" என்று துஷாந்த் காதருகே சொன்னான்.

சொல்லியிருக்கலாம். அது வேறு விஷயம், அதைப் பிறகு பேசுவோம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல கேள்வி, துரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பூசி மெழுகியிருக்கலாம். கிருஷ்ணராஜ் சுபாஜினியைப் பார்த்தான். அவள் தலையை மெதுவாக, மிக மெதுவாக ஆட்டினாள். வேண்டாம் என்று. அதை அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று பிறகு ஒரு நாளும் அவனால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"தராசுக்குத்தான் அக்கா" என்றான்.

அதோடாவது நிறுத்தினானா? இல்லை. அளவையியல் மாஸ்டர் அல்லவா! மழை பெய்தால் ஈரம் இருக்கும் என்பதை ஒத்துக்கொண்டால், மழை இல்லாத மாதத்தில் ஈரத்துக்குக் கழிக்க ஒரு காரணமும் மிச்சமில்லை என்று விரல் மடக்கி விளக்கினான். உழைப்பவர் கூடப் பறிப்பார் என்பதால், குறையப் பறித்தவர் உழைக்கவில்லை என்று ஆகிவிடாது என்றான். அப்படிச் சொல்கிற எந்த வாதமும் நிற்காது, இதுவரைக்கும் தான் பேசியதும் சேர்த்து, என்றான். களத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கைதட்டல். படங்குக்குள்ளிருந்து நூறு சோடிக் கைகள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அவன் படித்த படிப்பு ஒரு இடத்தில் வேலை செய்தது. ஒரு நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான்.

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை, "பெரட்டு முடிஞ்சிச்சு, மலைக்குப் போங்க!" என்று சத்தம் போட்டார். பெண்கள் போனார்கள்.

துஷாந்த் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னது சரிதான் சேர். ஆனா நான் இத என்னான்னு ரிப்போர்ட் எழுதுறது?" என்றான். நீலக் கோப்பைக் கக்கத்திலிருந்து எடுத்து வானின் முன் இருக்கையில் வைத்தான். சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கிருஷ்ணராஜ் கேட்டான். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றான் அந்தப் பிள்ளை.

அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது எல்லோருக்கும் வழக்கம்போல இரண்டு கிலோ கழித்தார்கள். சுபாஜினிக்கு மட்டும் மூன்று. அவள் வீட்டுக்கு வந்து பீலியடியில் வழியும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு அதைச் சொன்னாள், மழை வரப் போகிறது என்று சொல்கிற மாதிரி. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நான் தலையாட்டுனதப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"கருப்பம்மாக்கா கேட்டது நெசந்தான். அது எனக்குத் தெரியும். அங்க நின்ன அத்தன பேருக்கும் தெரியும். தொரைக்கும் நல்லாத் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சதச் சொல்றதுக்கு நீங்க எதுக்குங்க?"

கேட்டதற்குப் பதில் சொல்கிறவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை. சுபாஜினி போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டுக்குப் போனாள். றிப்தாவிடம் பேசிவிட்டு வரும்போது நன்றாக இருட்டியிருந்தது.

சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாடு போகிற தாய், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று பிரதேச செயலகத்தில் படிவம் கொடுத்தாக வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் புருசனும் பெண்சாதியும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். உத்தியோகத்தர் இரகுநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு இருவரையும் பார்த்தார்.

"பிள்ளையை ஆர் பார்க்கிறது?"

"இவருதாங்க. பிள்ளையோட அப்பா" என்றாள் சுபாஜினி.

"குடிக்கிறவரோ?"

"இல்லீங்க."

"வேலைக்குப் போறவரோ? பாருங்கோ, அங்கதான் கனபேர் பிழைவிடுறவை. தேப்பன் பார்ப்பார் எண்டு எழுதுவினம். தேப்பன் விடியப் போனா இரவுதான் வருவார். பிள்ளை அயல் வீடுகளில நிண்டு அலையும்."

"வேலை இல்லீங்க. வீட்டுலதான் இருக்காரு" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

இரகுநாதன் படிவத்தைப் புரட்டினார். கல்வித் தகைமை என்ற இடத்தில் அவருடைய பேனை நின்றது. "மெய்யியலோ!" என்று நிமிர்ந்தார். "நானும் உயர்தரத்தில அளவையியல் செய்தனான். நல்ல பாடம். ஒண்டுக்கும் உதவேல்லை எண்டாலும் நல்ல பாடம்." சிரித்தார். கிருஷ்ணராஜும் சிரித்தான், சிரிக்காமல் எப்படி இருப்பது?

அதன் பிறகு அவர் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். படித்த மனிதர், குடி இல்லை, சண்டை இல்லை, வெளியே போகிற வேலையும் இல்லை. இந்தப் படிவத்துக்கு இப்படி ஒரு ஆள் அமைவது அருமையிலும் அருமை என்றார். வேறு சிலரை நாலு தடவை அலைக்கழித்திருக்கிறாராம். இவர்களுக்கு ஒரே நாளில் முடித்துக் கொடுக்கலாம். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவன் முன் வைத்தார். தாய் திரும்பி வரும் வரைக்கும், பிள்ளையைத் தனியே விட்டு எந்த வேலையையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று கீழே அச்சடித்திருந்தது.

கிருஷ்ணராஜ் அதை இரண்டு தரம் படித்தான். இரண்டு வருடம் கழிந்தால் அவனுக்கு நாற்பத்தைந்தாகிவிடும். இனிமேல் ஒரு கடிதம் வந்தாலும், ஒரு துஷாந்த் தேடி வந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். யார் வரப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். கையெழுத்துப் போட்டான். இரகுநாதன் முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைத்துச் சுபாஜினியிடம் நீட்டினார்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஓயாமல் பேசினாள். இருமல் வந்தால் எந்த மருந்து, எத்தனை கரண்டி. சோறு இறங்காவிட்டால் பருப்புத் தண்ணி ஊற்றிப் பிசைய வேண்டும். மழை இருட்டினால் இருட்டின உடனே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். கருப்பம்மா இன்னும் தினம் தராசடியில் நின்று, மாஸ்டர் சொன்னாரு, மாஸ்டர் சொன்னாரு என்று சண்டை போடுகிறாளாம். அவளுக்கும் இப்போது மூன்று கிலோ கழிக்கிறார்களாம். 

மறுநாள் காலையில் சுபாஜினி பெரட்டுக்குப் போகவில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டு நின்ற மதுஷாவை அவன் முன்னால் இழுத்து உட்கார வைத்து, சீப்பையும் இரண்டு ரிப்பனையும் அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க சீவுங்க. நான் பார்க்கிறேன்."

அவன் வகிடெடுத்தான். நெற்றியில் நேராகத் தொடங்கி உச்சியில் போய்க் கோணிக்கொண்டது. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தான். மூன்று புரியில் எது மேலே எது கீழே என்று கை தடுமாறியது; சிக்கில் சீப்பு மாட்டிக்கொண்டது.

"அம்மா, அப்பா இழுக்கிறாரு!" என்று மதுஷா கத்தினாள்.

சுபாஜினியின் கை தானாக முன்னால் வந்தது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்பாக்கிட்டயே சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு வெடித்த சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கிருஷ்ணராஜுக்கும் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. சிக்கில் மாட்டிய சீப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

மதுஷா அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பாமல், "அப்பா, வலிக்குது" என்றாள்.